பதினெட்டு என்று எழுதிய படிவம்

பெல்மதுளை
12 ஜனவரி 2024

பிரஷாந்தினி,

பாறூக் நானா வீட்டுக்கு வந்துவிட்டார். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதையெல்லாம் படிக்காமல் நீ கிழித்துப் போட்டாலும் இது உனக்குத் தெரிய வேண்டும்.

என் நம்பரை நீ பிளாக் பண்ணிவிட்டாய். உம்மாவின் போனிலிருந்து எடுத்தேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால்தான் தபால். மேசையில் உட்கார்ந்து எழுதுவதைப் பார்த்து உம்மா, "எனத்த மகள் எழுதுற, சோதின முடிஞ்சிதானே?" என்று கேட்டார். தாளைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

உனக்குக் கோபம். ஏழு மாதம் கொழும்பில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள், வீட்டுத் தங்கைகளைப் போல என்னை ராத்தா என்று கூப்பிட்டவள், எல்லோர் முன்னாலும் என்னால் தலைகுனிந்து நின்றாய். அதை நான் மறக்கவில்லை. ஆனால் நடந்ததை நீயும் மறக்க வேண்டாம். நவம்பரில் இந்தப் பக்கம் பயிற்சிக்காக நாம் ஏறிய ஆம்புலன்ஸில்தான் பாறூக் நானாவை ஏற்றினோம். மாணிக்கக் குழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வேலை செய்கிறவர். மூன்று நாள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, சிவந்த கண். எலிக்காய்ச்சலாக இருக்கும் என்று இருவருமே நினைத்தோம். நம்மோடு வந்த மூத்த ஊழியர் முன் இருக்கையில் இருந்து ஆஸ்பத்திரியோடு பேசிக்கொண்டிருந்தார். படிவத்தை நீ நிரப்பினாய். நாடித்துடிப்பு, பிரஷர் எல்லாம் சரியாகவே எடுத்தாய். மூச்சு என்ற கட்டத்தில் மட்டும் எண்ணாமலே பதினெட்டு என்று எழுதினாய்.

பதினெட்டு என்றால் சாதாரண மனிதனின் மூச்சு. ஆஸ்பத்திரியில் அந்தத் தாளைப் பார்த்து அவரை வெளியே வாங்கில் மற்றவர்களோடு வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து நர்ஸ் எண்ணியபோது முப்பத்தெட்டு. நுரையீரலுக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஒன்பது நாள் அதிதீவிரப் பிரிவில் கிடந்தார்.

பஞ்சலிங்கம் சேர் அந்தப் படிவத்தை வகுப்புக்குக் கொண்டுவந்து, "இது ஆர் எண்ணினது?" என்று கேட்டபோது, "நான்தான் சேர், எண்ணினேன்" என்றாய். அவர் என் பக்கம் திரும்பி, "நீ பக்கத்திலதானே இருந்தனி, உண்மையா எண்ணினவவோ?" என்றார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. உன்னைத் தேர்விலிருந்து நிறுத்துவார்கள் என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தெரியாது.

நான் டிசம்பர் தேர்வில் பாஸ். இங்கே பக்கத்திலேயே ஆம்புலன்ஸ் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அடுத்த தேர்வு ஜூன் மாதம். ஏப்ரல் முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். நீ வகுப்பில் முதலாவதாக இருந்தவள். தயவுசெய்து எழுது. தேர்வை எழுது என்கிறேன், எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

பஸ்லியா


மேல் டிவிஷன், கித்துல்கல
3 பெப்ரவரி 2024

பஸ்லியா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் தோட்ட ஆபீஸில் ஒன்பது நாள் கிடந்து, பிறகு கங்காணி கையில் வந்தது. பாறூக் நானா சுகமானது சந்தோஷம். அதைத் தெரிவித்ததற்கு நன்றி.

நான் இப்போது அம்மாவோடு தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறேன். கைக்காசு வேலைதான், பெயர் பதியவில்லை. ஆம்புலன்ஸில் வேலை செய்யப் போனவள் ஏன் கூடை மாட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் கேட்கிறார்கள். சோதனை தள்ளிப்போயிருக்கிறது என்று அம்மா சொல்லிவைத்திருக்கிறார். அம்மாவிடம் நான் சொன்னதும் அதுதான்.

நான் பொய் சொன்னேன். எண்ணினேன் என்று சொன்னது பொய். அதற்குக் கிடைத்த தண்டனை சரிதான். அதில் உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆனால் அன்று அந்த அறையில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அது என்னவென்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கடிதம் மூன்று பக்கம். அதில் அது ஒரு வரிகூட இல்லை.

தேர்வு எழுதும் எண்ணம் எனக்கில்லை. இனி எழுத வேண்டாம்.

சி. பிரஷாந்தினி


பெல்மதுளை
19 பெப்ரவரி 2024

பிரஷா,

எழுத வேண்டாம் என்றாய். நான்கு நாள் எழுதாமல் இருந்தேன்.

ஆமாம். எனக்குத் தெரியும்.

பயிற்சி ஆம்புலன்ஸில் நம் முதல் நாள். வயிற்று வலியோடு ஒரு அம்மாவை ஏற்றினோம். நீ படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாய்: "ராத்தா, மூச்ச ஒரு நிமிஷம் முழுசா எண்ணணுமா?" நான் சிரித்தேன். "பாத்தாவே தெரியிதுதானே. பதினெட்டுன்னு போடு, எல்லாரும் அதான் போடுற" என்றேன். உன்னைவிட மூன்று வயது மூத்தவள். முன்பு ஒரு தனியார் கிளினிக்கில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். நான் சொன்னால் நீ கேட்பாய் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அந்த வாரம் நான் நிரப்பிய படிவங்களை நினைத்துப் பார்த்தேன். ஆறு நோயாளிகள். ஐந்து பேருக்குப் பதினெட்டு, ஒருவருக்குப் பதினாறு. எல்லாம் ஒரே மாதிரி இருக்கக்கூடாதே என்று போட்ட பதினாறு அது. ஒருவருக்குக்கூட எண்ணவில்லை. என்னுடைய ஆறு பேரும் நல்லபடியாக வீட்டுக்குப் போனார்கள், உன்னுடைய ஒருவர் அதிதீவிரப் பிரிவுக்குப் போனார். உனக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

அன்று சேர் என்னைக் கேட்டபோது, "இல்லை சேர், எண்ணவில்லை" என்ற பதிலுக்குப் பின்னால் இன்னொரு வரி இருந்தது. தொண்டை வரை வந்தது. நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அந்த வரியை விழுங்கினேன். உனக்கு என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். நீ காட்டிக்கொடுக்கவில்லை. ஏன் பிரஷா?

போன வெள்ளிக்கிழமை பாறூக் நானாவின் வீட்டுக்குப் போனேன். மெலிந்துவிட்டார். அவர் மனைவி றுகையா தாத்தா (அக்காவை நாங்கள் தாத்தா என்றும் சொல்வோம்) ஆஸ்பத்திரியில் பார்த்த நினைவில் என்னை அடையாளம் கண்டு, "வாங்க மகள், உள்ளுக்கு வந்து இரீங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். பாறூக் நானாவுக்கு அந்த நாள் சரியாக நினைவில்லையாம். ஒன்று மட்டும் சொன்னார்: "ஒரு புள்ள என்ட கையப் புடிச்சிக்கிட்டே வந்திச்சி. பயப்படாதீங்க, பயப்படாதீங்கன்னு செல்லிக்கிட்டே. அது நீங்களா?"

இல்லை, அது மற்றவள் என்றேன். அதற்குமேல் அவரிடம் எதுவும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பஸ்லியா


மேல் டிவிஷன், கித்துல்கல
11 மார்ச் 2024

கடிதம் கிடைத்தது.

முதல் தடவை படித்தபோது கோபம் தீரவில்லை, கூடியது. எனக்குத் தெரிந்ததையே எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அது தெரிய வேண்டியவர் நானில்லை.

பாறூக் நானா என் கையை நினைவில் வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு அரையடி தூரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பயப்படுகிறார் என்று நினைத்தேன். மூச்சுக்குத் தவிக்கிறவரின் முகமும் பயந்தவரின் முகமும் ஒரே மாதிரி இருக்கிறது. புத்தகத்தில் அது இல்லை.

இந்த வரிகளை எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை. எழுதிவிட்டேன், அனுப்புகிறேன்.

பிரஷாந்தினி


பெல்மதுளை
8 ஏப்ரல் 2024

பிரஷாவுக்கு,

தெரிய வேண்டியவர்களுக்குச் சொல்லிவிட்டேன். நடந்தபடியே எழுதுகிறேன்.

நோன்பு மாதம். லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன். பஞ்சலிங்கம் சேர் அறையில் தனியாக இருந்தார். உட்காரச் சொன்னார், நான் நின்றுகொண்டே சொன்னேன். மூச்சு எண்ணத் தேவையில்லை என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான், அந்த ஆறு பேருக்கும் நான் எண்ணவில்லை, எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏன் பிள்ளை அண்டைக்குச் சொல்லேல்ல?"

"பயம் சேர்."

"அந்தப் பிள்ளையும் சொல்லேல்லயே. அவவுக்கும் பயமோ?"

"அது பயமில்லை சேர்" என்றேன்.

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "வகுப்பில நான் கேட்ட கேள்வியும் பிழைதான். ஆர் எண்ணினது எண்டு கேட்டன். எத்தனை பேர் எண்ணுறேல்ல எண்டு கேட்டிருக்க வேணும்." அடுத்த வாரம் புதிய மாணவர்களின் வகுப்பில் எல்லோர் கையிலும் ஒரு வெறுந்தாளைக் கொடுத்து, இதுவரை எத்தனை முறை எண்ணாமல் எழுதினீர்கள் என்று பெயர் போடாமல் எழுதச் சொன்னாராம். இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் எண்ணாமல் எழுதியதை ஒப்புக்கொண்டார்களாம்.

எனக்குத் தண்டனை உண்டு. ஆம்புலன்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஜூன் மாதம் செய்முறைத் தேர்வை மறுபடி செய்து பாஸானால்தான் திரும்ப ஏறலாம். அதுவரை ஆபீஸில் தொலைபேசி எடுக்கிற வேலை. வாப்பாவுக்குப் பெரிய வருத்தம். "கேக்காத ஒண்ட எனத்துக்குப் போய் செல்லோணும்?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நோன்பு திறக்கும்போது அவருடைய பேரீச்சம்பழத்தில் ஒன்றை என் பீங்கான் தட்டில் வைத்தார்.

பாறூக் நானாவிடமும் போனேன். போன தடவை சொல்லாததை இந்தத் தடவை சொன்னேன். நாங்கள் இருவரும் எண்ணாமல் எழுதுகிறவர்கள், அதனால்தான் அந்த ஒரு மணித்தியாலம் நீங்கள் வாங்கில் இருந்தீர்கள் என்றேன். றுகையா தாத்தா எழுந்து உள்ளே போய்விட்டார். போய்க் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை, ஆனால் திரும்பி வரவுமில்லை. அது நியாயம்தான். பாறூக் நானா கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"இனி எண்ணுங்க."

அவ்வளவுதான் பிரஷா. பஸ்ஸில் வரும்போது முழுவழியும் அழுதேன்.

இத்தோடு தேர்வு விண்ணப்பத்தை வைத்திருக்கிறேன். இம்மாதம் முப்பதாம் திகதிக்குள் போய்ச் சேர வேண்டும். உன்னைக் கட்டாயப்படுத்த எனக்கு உரிமையில்லை. தாள் சும்மா இருக்கட்டும்.

பஸ்லியா


மேல் டிவிஷன், கித்துல்கல
6 மே 2024

ராத்தாவுக்கு,

விண்ணப்பத்தை இருபத்தாறாம் திகதி நானே கொழும்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தபாலை நம்பவில்லை. அதற்கு முந்திய வாரம் இங்கே நடந்ததைச் சொன்னால்தான் ஏன் என்று உங்களுக்குப் புரியும்.

செவ்வாய்க்கிழமை, ஆறாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். காலை பத்து மணி இருக்கும். மேல் வரிசையில் யாரோ கத்தினார்கள். பிறகு எல்லோரும் கத்தினார்கள். குளவி. கூடைகளைப் போட்டுவிட்டு கீழே ரோட்டுக்கு ஓடினோம். அம்மாவுக்குத் தலையில் மூன்று கொட்டு, எனக்குக் கழுத்தில் ஒன்று. மற்றவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் சசி அக்கா ரோட்டுக்கு வந்ததும் சரிந்துவிட்டார். எங்கள் லயத்தில் நாலாவது வீடு. முப்பத்தொரு வயது, சின்னப் பிள்ளைகள் இரண்டு. உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு விசில் மாதிரி கேட்டது. பெண்கள் இருவர் அவரைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார்கள். நிறுத்தியதும் கண் செருகியது.

"நிப்பாட்டாதீங்க! படுக்கப் போடுங்க, கால மட்டும் மேல தூக்குங்க!" என்று கத்தினேன். அது என் குரலா என்று எனக்கே தெரியவில்லை. கங்காணியிடம் சொன்னேன்: "டிஸ்பென்சர் ஐயாகிட்ட ஓடுங்க. குளவி கொட்டி மூச்சு அடைக்குதுன்னு சொல்லுங்க. அட்ரினலின் கொண்டாரச் சொல்லுங்க, அந்தப் பேர மறந்துறாதீங்க." அவர் மோட்டார் சைக்கிளில் போனார். ஒருவர் ஆம்புலன்ஸுக்கு போன் பண்ண, சிக்னல் கிடைக்கும் திருப்பம் வரை ஓடினார்.

பிறகு செய்ய என்னிடம் எதுவும் இல்லை. கருவி இல்லை, மருந்து இல்லை. அம்மாவின் கைக்கடிகாரம் இருந்தது. ஒரு கையால் சசி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன்.

அம்மா அழுதார். "என்னா புள்ள நீ, அவ சாவப் போறா, எண்ணிக்கிட்டு இருக்க!"

"பேசாதீங்கம்மா. கணக்குத் தப்பிரும்."

முழு நிமிடம். நாற்பது. ராத்தா, ஒரு நிமிடம் அவ்வளவு நீளமானது என்று எனக்கு அதுவரை தெரியாது.

டிஸ்பென்சர் ஐயா வந்து தொடையின் வெளிப்பக்கத்தில் ஊசி போட்டார். ஐந்து நிமிடம் கழித்து எண்ணினேன், முப்பத்துநாலு. விசில் சத்தம் குறையவில்லை. எண்ணிக்கையைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு இரண்டாவது ஊசியைப் போட்டார். அதற்குப் பிறகு இருபத்தாறு. சசி அக்கா கண்ணைத் திறந்து பிள்ளைகளின் பெயரைச் சொன்னார்.

ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர் சிங்களப் பொடியன், நம் வயதுதான் இருக்கும். நேரமும் எண்ணிக்கையும் எழுதிய தாளைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "நங்கி, இது யார் எண்ணியது?" என்று, தங்கச்சி முறை வைத்து, சிங்களத்தில் கேட்டார். வகுப்பில் சேர் கேட்டதும் இதே கேள்விதான். "மமய்" என்றேன். நான்தான். அந்தத் தாளையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

சசி அக்கா இரண்டு நாளில் வந்துவிட்டார். குளவி கொட்டிய அன்றே, வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். சோதனை தள்ளிப்போகவில்லை, மூச்சை எண்ணாமல் எழுதியதற்காக என்னை நிறுத்தினார்கள் என்று. அம்மா என் கழுத்தில் வீங்கியிருந்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார். "அதான் அப்புடி எண்ணுனியா?" என்றார்.

என் நோட்டுப் புத்தகங்களைக் கோபத்தில் கொழும்பிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். உங்களுடையதை அனுப்ப முடியுமா?

பிரஷா


பெல்மதுளை
24 மே 2024

என் பிரஷாவுக்கு,

உன் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சசியின் மூச்சு நாற்பது என்ற இடத்தில் உம்மா, "யா அல்லாஹ்" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். வாப்பா கடையிலிருந்து வந்து, கதவுக்குப் பக்கத்திலேயே நின்று முழுவதையும் கேட்டார். சட்டையை மாற்றக்கூட உள்ளே போகவில்லை.

நோட்டுப் புத்தகங்கள் மூன்றையும் அனுப்புகிறேன். என் கையெழுத்து உனக்குத் தெரியும், புரியாத இடத்தில் என்னைத் திட்டிக்கொள். இரண்டாவது புத்தகத்தில் தீக்காயம் பற்றிய பக்கத்தில் கறி சிந்தியிருக்கிறது. பச்சைக் குழந்தையின் மூச்சு முப்பதிலிருந்து அறுபது என்பதை நான் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் மூன்று தடவையும் மறந்துவிட்டேன். இன்னொன்று, மூச்சை எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரிந்தால் மூச்சு மாறிவிடும், நாடி பார்க்கிற மாதிரிக் கையைப் பிடித்துக்கொண்டு எண்ண வேண்டும் என்று சேர் சொன்னாரே. நீ சசிக்கு அப்படித்தான் செய்திருக்கிறாய், யாரும் நினைவூட்டாமலே.

எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். எழுத்துத் தேர்வு இல்லை, செய்முறை மட்டும்தான், ஒரு முறை பாஸானதுதான். ஆனால் இப்போது கனவில் கடிகார முள் ஓடுகிறது, நான் எண்ணும் நெஞ்சு அசையவில்லை. தொலைபேசி மேசையில் உட்கார்ந்து இரண்டு மாதமாகிறது. கை மறந்துபோயிருக்குமோ என்று வாப்பாவைப் படுக்கச் சொல்லி எண்ணிப் பார்க்கிறேன். அவர் வேண்டுமென்றே மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

தேர்வுக்கு முதல் நாள் கொழும்பு பஸ் நிலையத்துக்கு வருகிறேன். நீ என்னோடு பேசாவிட்டாலும் உன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவேன்.

ராத்தா


எம்பிலிப்பிட்டிய
14 ஜூலை 2024

அன்பு ராத்தாவுக்கு,

இது என் புதிய விலாசம். அறை சின்னது, ஜன்னலைத் திறந்தால் நெல் வயல். இங்கே ஆம்புலன்ஸில் வேலைக்குச் சேர்ந்து ஆறு நாள். இந்தப் பக்கம் வெயில், எங்கள் மலையில் பிறந்தவளுக்குத் தோல் உரிகிறது. நீங்கள் திரும்ப ஆம்புலன்ஸில் ஏறிவிட்டதாகப் போனில் சொன்னபோது உங்கள் வாப்பா பின்னால் சத்தம் போட்டுச் சிரித்தது கேட்டது.

தேர்வு நாளை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். செய்முறை அறையில் கட்டிலில் படுத்திருந்தவர் நோயாளியாக நடிக்க வந்தவர். நான் அவர் கையைப் பிடித்து எண்ணத் தொடங்கியதும் மேற்பார்வையாளர், "நேரம் போகுது மிஸ், சரி, அடுத்தத செய்யுங்க" என்றார். நான் நிமிரவில்லை. "இன்னும் இருபது செக்கன் இருக்கு சேர்" என்றேன். முடித்துவிட்டு இருபத்துநாலு என்று சொன்னேன். கட்டிலில் இருந்தவர், படி ஏறி வந்தேன், அதனால்தான் என்று சொல்லிச் சிரித்துவிட்டார். வெளியே வந்தால் நீங்கள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு உங்கள் மூச்சையே எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

அன்று மாலை பஸ் நிலையத்தில் நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். கடிதத்திலும் கேட்டிருந்தீர்கள், நான் பதில் எழுதவில்லை. அன்று வகுப்பில் ஏன் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று. பஸ் வருகிறது என்று சொல்லி ஏறிவிட்டேன். பஸ் வந்து பத்து நிமிடம் நின்றது, நீங்களும் பார்த்தீர்கள்.

போனில் சொல்ல வரவில்லை. எழுதுகிறேன்.

நீங்கள் நினைப்பது போல அது அன்பினால் மட்டுமல்ல. நான் பெரிய மனது உள்ளவள் என்று உங்கள் உம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்கள், அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. உண்மை இதுதான். மூச்சை முழு நிமிடம் எண்ண வேண்டும் என்று சேர் முதல் வாரமே சொன்னார். என் புத்தகத்தில் அடிக்கோடு போட்டிருந்தேன். முதல் நாள் ஆம்புலன்ஸில் உங்களிடம் கேட்டபோது எனக்குப் பதில் தெரியும், ராத்தா. எனக்கு அந்த அம்மாவின் முனகலைக் கேட்க முடியவில்லை, சீக்கிரம் முடித்துவிட வேண்டும் போல இருந்தது. எண்ணத் தேவையில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் போதும் என்றுதான் கேட்டேன். நீங்கள் சொன்னீர்கள்.

வகுப்பில் வாயைத் திறந்திருந்தால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தான் சொல்லவில்லை. உங்களைக் காப்பாற்றியது பாதி, என்னை மறைத்தது பாதி. எட்டு மாதமாக முழுப் பழியையும் உங்கள்மேல் போட்டு வைத்திருந்தேன். நீங்கள் கொழும்புக்குப் போய்ச் சொன்னீர்கள், பாறூக் நானாவின் வாசலில் தனியாகப் போய் நின்றீர்கள். நான் மலையில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

இனி அதை நினைத்து பஸ்ஸில் தனியாக அழ வேண்டாம். பாறூக் நானாவின் வீட்டுக்கு நானும் போக வேண்டும். றுகையா தாத்தா உள்ளே எழுந்து போனாலும் பரவாயில்லை, திரும்பி வரும்வரை உட்கார்ந்திருக்கலாம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. அடுத்த ஞாயிறு காலை ஏழு மணி பஸ்ஸில் பெல்மதுளைக்கு வருகிறேன்.

உங்கள் தங்கச்சி
பிரஷா